நல்லமுத்துவின் இரட்டை மஞ்சள் விளக்கு

நல்லமுத்துவுக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தாலும் அதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை வாகமண்ணுக்குக் குறுக்குவழி கேட்டு வந்த ஓர் ஆளுக்கு, தாம் ஒருநாளும் போயிராத பாதையைக் கை நீட்டிக் காட்டினார். அந்த ஆள் சாயங்காலம் சேறும் அட்டைக்கடியுமாக அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றார். "பாதைய மாத்திட்டாய்ங்க போலருக்கு" என்று சொன்ன நல்லமுத்து, பாவம் என்று பால் ஊற்றாத ஒரு கட்டஞ்சாயாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஏலப்பாறையிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த பாறைக்காடு எஸ்டேட்டில் அவர் ஃபேக்டரி ஃபிட்டர். கொழுந்தை உருட்டுகிற ரோலர், உலர்த்துகிற டிரையர், அதையெல்லாம் ஓட்டுகிற மோட்டார்கள் என்று அத்தனையும் அவர் கைக்கு அடங்கியவை. இதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மிஷின் சத்தம் ஒரு இழை மாறினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு எழுந்து போவார். அந்தத் திறமைதான் அவரைக் கெடுத்தது என்று வேலுத்தாய் சொல்லுவாள். மிஷின் விஷயத்தில் எப்போதும் சரியாக இருந்து இருந்து, மற்ற விஷயத்திலும் அப்படித்தான் என்று மனுஷனுக்கு நினைப்பு வந்துவிட்டது.

வேலுத்தாய் அவர் மனைவி. கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மாசம் தேறுமா என்பது சந்தேகம். பகலில் எடுத்த கொழுந்தை ஃபேக்டரி இரவில்தான் அரைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு லயத்து வரிசை வீட்டை விட்டு இவர் கிளம்பினால் திரும்புவது விடிந்த பிறகு. அப்போது அவள் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறியிருப்பாள். வீட்டுச் சாவி நிலைக்கு மேலே ஆணியில் தொங்கும். குழம்பில் உப்பு கூட என்கிற செய்தி அவளுக்குப் போய்ச் சேர மறுநாள் சாயங்காலம் ஆகும். அதற்குள் அடுத்த குழம்பும் உப்புக் கூடிப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் லீவு. அன்றைக்கும் அவள் பெண்களோடு சேர்ந்து ஏலப்பாறைச் சந்தைக்கு நடந்துவிடுவாள். இவர் ஆறு நாள் தூக்கத்தை ஒரே நாளில் தூங்கித் தீர்ப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நல்லமுத்து ஒரு வண்டி வாங்கினார். வேலையை விட்டு ஊருக்குப் போன ஓர் எஸ்டேட் அதிகாரியின் பழைய புல்லட். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "பேக்டரிக்குப் போய்வரத்தான்" என்றார். ஃபேக்டரி அவர் வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். வண்டியை உதைத்து உயிர் கொடுப்பதற்குள் நடந்தே போய் வேலையையும் தொடங்கிவிடலாம். உண்மையில் எதற்கு வாங்கினார் என்று வேலுத்தாய்க்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சந்தைக் கூடையோடு வந்து பின்னால் ஒருச்சாய்ந்து ஏறி உட்கார்ந்தாள்.

அரை மைல் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள்.

நல்லமுத்து அதை எதிர்பார்க்கவே இல்லை. வீட்டில் 'ம்', 'சரி', 'அடுப்புல இருக்கு' என்று மூன்று வார்த்தைக்கு மேல் போகாதவள், அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு ராமுத்தாய் தன் மருமகளுக்குப் பயந்து சீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பது, எந்தத் தேயிலைக் காட்டில் அட்டை அதிகம், எந்தக் கங்காணி நல்லவன் மாதிரி நடிக்கிறான், எல்லாம் வந்தது. அவர் முகம் தெரியாததால் பேச்சு வந்ததோ, வண்டி ஓடுகிற ஓட்டத்தில் வந்ததோ, யாருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் வந்தது, அதற்கடுத்த ஞாயிறும். நாற்பத்தைந்து வயதில் நல்லமுத்துவுக்குத் தன் பெண்டாட்டி மேல் புதிதாக ஆசை வந்தது. திங்கட்கிழமையே ஞாயிற்றுக்கிழமையை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

நான்காவது ஞாயிறு அவள் ஒரு மேளக்காரர் கதையை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால், கம்பத்தில் ஒரு திருவிழாவில் மேளம் அடித்த ஒருவரைப் பார்த்து, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லி அடி வாங்கினாளாம். நல்லமுத்துவின் காது இரண்டும் பின்னாலேயே இருந்தன. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது.

அந்த மலையில் மூடுபனி வருவதை யாரும் பார்த்ததில்லை. வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அங்கே அதை மஞ்சு என்பார்கள்.

"மஞ்சு எறங்கிருச்சு. வழி தெரியுதா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"தெரியுது, தெரியுது. நீ சொல்லு. மேளக்காரன் என்ன ஆனான்?"

"வழி தெரியுதாங்க?"

"அதான் தெரியுதுங்கிறேன்ல."

மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் தெரியுது என்றார். அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஹெட்லைட் கூட்டின் மேலே இருந்த ஆம்பியர் மீட்டர் முள் மட்டும்தான். ரோடு இடது பக்கம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. வண்டி ஒரு தேயிலைச் செடியின் மேல் ஏறி நின்றது. வேலுத்தாய் வழுக்கிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் போவதற்கு வெட்டிவிட்டிருந்த கானுக்குள் உட்கார்ந்தாள், புதுச் சேலையோடு.

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. எழுந்து, கூடையைத் தேடி எடுத்து, சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு, சந்தைக்கு மிச்சமிருந்த மூன்று மைலையும் நடந்தே போனாள். திரும்பியும் நடந்தே வந்தாள். அடுத்த ஞாயிறு வண்டி வாசலில் நின்றபோது, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள்.

"ஏ வேலுத்தாயி. வண்டி நிக்குதுல்ல."

"வழி தெரியிற அன்னைக்குச் சொல்லுங்க. ஏறுறேன்."

நல்லமுத்து ஃபிட்டர். எது சரியில்லை என்றாலும் அதில் எதையாவது மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். வழி தெரியவில்லையா, விளக்கு மாட்டு. தீர்ந்தது. மேளக்காரர் கதையின் மீதியைக் கேட்காமல் சாவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, வண்டிப்பெரியாறில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், எந்தக் காலத்திலோ ஏதோ காரில் இருந்து கழற்றிய இரண்டு மஞ்சள் கண்ணாடி விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்ட அன்று, கொழுந்து லாரி டிரைவர் சிலுவைராஜ் அந்தப் பக்கமாக வந்தான். நாசரேத்துப் பக்கத்து ஆள். அந்த எஸ்டேட்டில் நல்லமுத்துவைக் கேலி பேசத் துணிந்தவன் அவன் ஒருவன்தான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் விளக்குகளைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன, ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு பீடி குடிக்க மாதிரில்லா இருக்கு."

"புது லைட்டு தம்பி. சூடு பிடிச்சாத்தான் வெளிச்சம் வரும்."

"பல்பு காரு பல்பு. பன்னெண்டு வோல்ட்டா இருக்கும். ஒங்க வண்டிக்கு ஆறுல்லா."

"எனக்குத் தெரியாதா? சும்மா சோதிச்சுப் பாத்தேன்."

சோதனை முடிந்து, ஆறு வோல்ட் பல்பு இரண்டு கோட்டயத்திலிருந்து பஸ் கண்டக்டர் மூலமாக வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. இப்போது பீடி சுருட்டானது. அதற்கு மேல் வெளிச்சம் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒயர் சுட்டு, ரப்பர் கருகுகிற வாசனையும் வந்தது. ஃபேக்டரியில் மணி அடிப்பதற்குப் போட்டது போக மிச்சமிருந்த மெல்லிய ஒயரை அவர் போட்டிருந்தார். நானூற்று நாற்பது வோல்ட்டைத் தினமும் கட்டி மேய்க்கிற கைக்கு ஆறு வோல்ட் என்ன பெரிய காரியம் என்பது அவர் கணக்கு.

"ஒயர் மெலிசு அண்ணாச்சி" என்றான் சிலுவைராஜ்.

"பேக்டரியில இத்தன பெரிய மோட்டாரே சன்னக் கம்பியில ஓடுது. இந்தத் துக்கடா லைட்டுக்கு இது பத்தாதா?"

"அங்கன தண்ணி அருவி மாதிரி பாயுது. சின்னக் குழாய் போதும். இங்கன வேகமே கெடையாதே. வேகம் இல்லாத தண்ணிக்குக் கான அகலமா வெட்டணும்லா? ஒயர கனமாப் போடுங்க."

மறுநாள் சுண்டுவிரல் கனத்துக்கு ஒயர் போட்டார். "நான் மொதல்லயே நெனச்சேன்" என்று ஃபேக்டரியில் நாலு பேரிடம் சொன்னார். நடுவில் ஃபியூஸ் ஒன்றும் வைத்தார். அதை யாரும் சொல்லாமலே வைத்ததால் எட்டுப் பேரிடம் சொன்னார்.

அப்புறமும் ஒரு விளக்கு எரிந்தால் இன்னொன்று கண் சிமிட்டியது. காரணம் அவருக்குத் தெரியும். விளக்கை மாட்டியிருந்த கால் காப்புக் கம்பியின் கறுப்புப் பெயிண்ட். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்போடு இரும்பு ஒட்டினால்தான் மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைக்கும். அந்தப் பெயிண்டைத் தினமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறவர் அவர். மூன்று நாள் தள்ளிப் போட்டார். நாலாம் நாள் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாலணாக் காசு அகலத்துக்கு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சுரண்டினார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேலுத்தாய் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இரும்புக்கு எப்படி வலிக்கும்?"

"நான் ஒங்களக் கேட்டேன்."

இது போதாதென்று உயரத்திலும் ஒரு கூத்து நடந்தது. ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் விளக்கை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் தூக்கி மாட்டிப் பார்த்தார். மூடுபனியில் போட்டதும் எதிரே வெள்ளையடித்த சுவர் ஒன்று எழும்பி நின்றது. முன்பு பத்தடி தெரிந்தது, இப்போது இரண்டடி. பழையபடி கீழே இறக்கி, கால் காப்புக் கம்பியின் இரண்டு ஓரத்திலும் நன்றாகத் தள்ளித் தள்ளி, சற்றே தலை குனிந்தாற்போல் மாட்டினார். அதற்கான பட்டைகளை ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ரோலர் இரும்பிலிருந்து தானே அறுத்து, துளை போட்டு, இரட்டை நட்டு வைத்து இறுக்கினார். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் மூடுபனிக்கு அடியில் நுழைந்து ரோட்டைத் தடவிக்கொண்டு போனது.

பழைய வண்டியின் டைனமோ இத்தனை விளக்குக்குத் தீனி போடத் திணறியது. பேட்டரி வடிகிறது என்று ஆம்பியர் முள் கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தது. எதையாவது குறைக்கலாமே என்று பார்த்த நல்லமுத்து, பின்னால் இருந்த சிவப்பு விளக்கின் பல்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். குண்டூசி முனை அளவு மின்சாரம் அதில் மிச்சம். "முன்னாடி போறவனுக்குத்தான் வெளிச்சம் வேணும். பின்னாடி வர்றவனுக்கு நான் எதுக்குத் தெரியணும்?" என்றார்.

அன்று சாயங்காலம் வாசலில் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டு, வேலுத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினார். லயத்து வரிசை முழுக்க மஞ்சளாயிற்று. ராமுத்தாயின் கோழிகள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூடைக்குள் புரண்டன.

"ம். பாப்போம்" என்றாள் வேலுத்தாய்.

அது ஆடி மாசம். அடுத்த புதன்கிழமை காலையிலிருந்தே சாரல். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, நாலு மணிக்கெல்லாம் எதிரில் நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. நல்லமுத்துவுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கீழே இரண்டு மைல் தள்ளி மேற்குக் காட்டில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இருந்தது. அன்று வேலுத்தாய்க்கு அங்கேதான் வேலை. அந்த வழியாகச் சும்மா ஒரு தடவை போனால் அவள் கண்ணில் படும் என்பது அவர் திட்டம். பெட்ரோல் விற்கிற விலைக்கு இறக்கத்தில் யார் எஞ்சினை ஓட்டுவார்கள்? மேட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு விளக்கையும் போட்டு, வண்டியை உருள விட்டார். சத்தமே இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவருக்கு அப்போது இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அவர் மறந்துபோன ஒன்று இருந்தது. டீசலை மிச்சம் பிடிக்கிற கலையில் சிலுவைராஜ் அவருக்கும் மூத்தவன். தினமும் அவனும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அந்த இறக்கத்தில் லாரியை உருட்டிக்கொண்டு வருவான். பிரேக்கின் மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே கொட்டகை முன்னால் நிற்க மாட்டான். கியரில் பிடித்து ஆமை வேகத்தில் தாண்டிப் போய், கீழே சமதளத்தில்தான் நிறுத்துவான். கொட்டகைப் பெண்கள் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். மூடுபனியில் லாரி எங்கே தெரிகிறது? சத்தமில்லாமல் இரண்டு விளக்கு வரும். விளக்கு தாண்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, சாக்கின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து ஆட்டி, பின்பெட்டி இருக்கும் இடத்துக்கு வீச வேண்டும். வருஷக்கணக்கில் வீசியதில் ஒரு சாக்கு தப்பியதில்லை.

சத்தமில்லாமல் இரண்டு விளக்கு வந்தது. அகலமாக, தாழ்வாக, லாரி விளக்கு மாதிரியே.

"லாரி வந்துருச்சு" என்றாள் ராமுத்தாய். அவள் ஒரு முனை, வேலுத்தாய் ஒரு முனை. விளக்கு நெருங்கித் தாண்டியது. மோட்டார்சைக்கிள் லாரியைவிட மெதுவாக உருண்டதால், எண்ணி முடிக்கும்போது பின்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நல்லமுத்து இருந்தார். நனைந்த கொழுந்து நிறைந்த சாக்கு அவர் தோளில் வந்து இறங்கியது.

வண்டி ஓரத்துத் திட்டில் சாய்ந்து நின்றது. சாக்கு பின் ஸீட்டில் ஒருச்சாய்ந்து உட்கார்ந்தது. நல்லமுத்து கானுக்குள் உட்கார்ந்தார்.

லாரி ஏன் விழுந்தது என்று பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலுத்தாய் கானின் கரையில் குனிந்து நின்றாள். அவள் பயந்துதான் போயிருந்தாள். அவர் கை காலை ஆட்டுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"அடி பட்ருச்சா?"

"இல்ல."

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்த நிலையிலும் இரண்டு விளக்கும் தேயிலைச் செடிகளைப் பிரகாசமாகக் காட்டிக்கொண்டிருந்தன. பட்டை ஒரு நூல்கூட அசையவில்லை.

"லைட்டு நல்லாத்தான் எரியுது" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் மேட்டிலிருந்து எஞ்சின் உறுமலும் தகரத்தில் தட்டுகிற சத்தமும் கேட்டன. உண்மையான லாரி விளக்கே இல்லாமல் ஊர்ந்து வந்தது. சிலுவைராஜ் தலையையும் ஒரு கையையும் வெளியே நீட்டி, கதவைக் குத்திக்கொண்டு, "வாரேன், வாரேன், வெலகுங்க" என்று கத்திக்கொண்டே வந்தான். டைனமோ பெல்ட் அறுந்து, பேட்டரி செத்து, விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. எஞ்சினை அணைத்தால் திரும்ப உயிர் வராது என்று ஓட விட்டபடியே ஒரு வழியாகக் கீழே கொண்டுவந்து திருப்பி நிறுத்தினான். சாக்குகளை ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு அவன் ஏற்றத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"எறங்கும்போது மலைப்பக்கம் ஒட்டி வந்துட்டேன். ஏறும்போது பள்ளத்துப் பக்கம்லா போணும். லைட்டு இல்லாம நான் ஏத்த மாட்டேன். எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு."

எடை எழுதுகிற கணக்கப்பிள்ளை, கொழுந்து இன்று ஃபேக்டரிக்குப் போகாவிட்டால் இன்றைய எடையைக் கணக்கில் காட்டிக் கூலி போடத் தம்மால் முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை. நனைந்த கொழுந்து சாக்குக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிச் சிவந்து, குப்பைக்குத்தான் போகும். காலையிலிருந்து மழையில் நின்று எடுத்த பெண்கள் முப்பது பேர் சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலுத்தாயின் விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்ததை நல்லமுத்து அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் எடுத்ததைத்தான் தாம் இரவெல்லாம் அரைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போய் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, நான் முன்னால போறேன். பின்னாலயே வாங்க" என்றார்.

"வருவேன் அண்ணாச்சி. வெளிச்சம் ஒங்களுக்கு முன்னாலல்லா விழும்? எனக்கு நீங்க தெரியணுமே. டெயில் லைட்டு எரியுமா?"

நல்லமுத்து பையில் கையை விட்டார். பல்பு அங்கே பத்திரமாகத்தான் இருந்தது, கானில் விழுந்தபோது மூன்று துண்டாகியிருந்தது. உள்ளங்கையை விரித்து அந்தத் துண்டுகளைக் காட்டினார்.

வேலுத்தாய் கொட்டகைக்குள் போய், கூரைக் கம்பியில் தொங்கிய அரிக்கேன் விளக்கை எடுத்துத் திரியை ஏற்றிக்கொண்டு வந்தாள். பின் ஸீட்டில் மறந்துபோய்க் கிடந்த சாக்கையும் லாரிக்குத் தள்ளிவிட்டாள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு, லாரியைப் பார்த்தபடி, நல்லமுத்துவின் முதுகுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். 

"வண்டியில ஏறிட்டேன்னு நெனச்சுக்கிராதீங்க. நான் லாரியத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்" என்றாள்.

இரண்டு மைல் ஏற்றத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்னால் மஞ்சள் வெளிச்சம், பின்னால் அரிக்கேன், அதற்குப் பின்னால் விளக்கில்லாத லாரி, லாரிக்குப் பின்னால் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள். வேலுத்தாய் கதை எதுவும் சொல்லவில்லை. "மெதுவா", "நில்லுங்க, லாரி தங்கிருச்சு", "இப்பப் போங்க" என்று மட்டும் சொன்னாள். வளைவில் ஒரு தடவை திரும்பி அவர் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தாள். "ஆமா, தெரியத்தான் செய்யுது" என்றாள். நனைந்த சட்டைக்குள் அவள் முதுகின் சூடு ஏறியது. நல்லமுத்துவுக்கு இன்னும் நாலு மைல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, ஆம்பியர் முள் அப்படி நினைக்கவில்லை. எஞ்சினை அணைத்து உருட்டியதிலேயே பேட்டரி பாதி போயிருந்தது. நடக்கிற வேகத்தில் போனால் டைனமோ என்ன செய்யும்? வெளிச்சம் மங்கியது. ஒரு விளக்கை அணைத்தார். கடைசி வளைவில் மிச்சமிருந்த விளக்கும் பீடி நுனியாகிவிட்டபோது, ஃபேக்டரி விளக்குகள் தெரிந்தன.

சிலுவைராஜ் இறங்கி வந்து அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல வேலை அண்ணாச்சி. ஒயர் சுடவே இல்ல."

'நான் மொதல்லயே நெனச்சேன்' என்று நல்லமுத்து இந்தத் தடவை சொல்லவில்லை. வேலுத்தாய் அரிக்கேனை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவர் ஈரத்தோடு ஷிஃப்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, மூடுபனியும் வந்தது. பேட்டரி அன்றைக்கே தீர்ந்துபோயிருந்தது. அதற்கு உயிர் கொடுக்க ஏலப்பாறையில்தான் கடை இருந்தது. எஞ்சின் ஓட அந்தப் பழைய வண்டிக்குப் பேட்டரி தேவையில்லை. விளக்குக்கு வேண்டும். நாலு மாசம் பாடுபட்டு மாட்டிய இரண்டு விளக்கும், தேவைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. நல்லமுத்து துணியை வைத்து அவற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் எரியும் என்கிற மாதிரி.

வேலுத்தாய் கூடையோடு வந்து நின்றாள். அணைந்த விளக்கைப் பார்த்தாள். ரோடு இருக்க வேண்டிய பக்கம் பார்த்தாள். அங்கே வெள்ளையாக இருந்தது.

"வழி தெரியுதா?" என்று கேட்டாள்.

தெரியுது என்கிற வார்த்தை பழக்க தோஷத்தில் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டு, அவரும் அந்த வெள்ளையைப் பார்த்தார். முதலில் அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பிறகு பார்த்தார்.

"தெரியல" என்றார்.

வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கூடையைக் கைமாற்றிக்கொண்டு, வழக்கம்போல் ஒருச்சாய்ந்து ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்தாள்.

"அப்ப மெதுவாப் போங்க. ரெண்டு பேருமா பாத்துக்கிருவோம்."

வண்டி ஓரத்துக் கல்லைத் தொட்டுக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் போனது. இடது பக்கத்தை அவள் பார்த்துச் சொன்னாள், வலது பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். சந்தைக்குப் போகிற பெண்கள் இரண்டு கூட்டம் அவர்களை முந்திக்கொண்டு நடந்து போனது. அரை மைல் தாண்டியது.

"அந்த மேளக்காரரு இருந்தாருல்ல" என்றாள் வேலுத்தாய், அவர் காதுக்குப் பின்னால்.

நல்லமுத்து வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.